விட்ட இடமும் தொடரும் இடமும்: சி மொழியில் இணைநிரல்களின் வரலாறு

தொழினுட்ப வரலாறு என்றவுடன் ஆவியந்திரம், புகையிரதம், அச்சுப்பொறி முதலாய பருப்பொருள்களே நம் எண்ணத்தில் முன்னிற்கின்றன. கணனியின் வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே பொறிகளின் வரலாறாக எழுதப்பட்டு வந்துள்ளது. எப்பொறி எவ்வாண்டில் அமைக்கப்பட்டது, அதன் வேகம் யாது, விலை யாது என்னும் வினாக்களுக்கு விடை எளிதிற் கிடைக்கும். ஆனால் அப்பொறிகளுக்கு ஆணை எழுதியோர் தம் ஆணைகளை எவ்வாறு ஒழுங்குபடுத்த எண்ணினர், அவ்வெண்ணங்களுள் எவை மொழிகளில் இடம்பெற்றன, எவை வாயிலில் நிறுத்தப்பட்டன என்று ஆராய்வோர் சிலரே. இத்துறை விஞ்ஞான பீடத்தாருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் கலைப்பீட மாணவரிடையே உண்டு. கருத்துகளின் வரலாறு எங்கு நிகழினும் வரலாறே என்ற துணிவிலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது ஒரே ஒரு கருத்து. ஆங்கிலத்திற் 'கோறூட்டீன்' என வழங்கும் அதனை ஈண்டு இணைநிரல் என்போம். 1958ஆம் ஆண்டிலேயே பெயர் சூட்டப்பட்ட இக்கருத்து, பொறிக்கு அணுக்கமான மொழிகளுள் மிகப் பெருவழக்குப் பெற்ற சி மொழியில் இன்றுவரை முறையான இடத்தைப் பெறவில்லை. இருந்தும் அம்மொழியைக் கையாண்டோர் அதனை மீண்டும் மீண்டும் புறவாயில்கள் வழியே உள்ளே கொணர்ந்தனர். ஒரு பொறியிற் செயற்படுத்துவது அரிதன்று. எழுதியதை மாற்றாது எல்லாப் பொறிகளிலும் இயங்கச் செய்வதே அரிது. பொறிக்குப் பொறி பெயர்த்துச் செல்லத்தக்க இத்தன்மையைப் பெயர்தகைமை என்று குறிப்போம். இணைநிரலுக்கும் பெயர்தகைமைக்கும் இடையே நிகழ்ந்த நெடும் இழுபறியே நம் பொருள்.

முதலில் இணைநிரல் யாது என்பதைத் தெளிவுபடுத்தல் வேண்டும். செய்நிரல் எழுதுவோர் யாவரும் அறிந்தது துணைநிரல். ஒரு பகுதி இன்னொன்றை அழைக்கும். அழைக்கப்பட்டது தன் தொடக்கத்திலிருந்து இயங்கி, வேலையை முடித்து, விடையைக் கொடுத்து மறையும். மறுமுறை அழைக்கப்பட்டால் மீண்டும் தொடக்கத்திலிருந்தே தொடங்கும். முன்னர் நிகழ்ந்தது எதுவும் அதன் நினைவில் இராது. அழைப்பவர் ஆண்டான், அழைக்கப்படுபவர் ஏவலாள் என்னும் உறவு இது. இணைநிரலோ வேலையின் நடுவே நின்று, கட்டுப்பாட்டை மற்றொன்றிடம் ஒப்படைத்து, மீளத் தன் முறை வரும்பொழுது விட்ட இடத்திலிருந்து தொடரும். அதன் உள்ளே இருந்த மாறிகளும், எத்தனையாவது சுற்றில் நின்றது என்ற கணக்கும் அழியாது காத்திருக்கும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலாவால் நீர் இறைத்த காலத்தைப் பற்றி மூத்தோர் கூறக் கேட்டிருக்கின்றோம். துலாவில் ஏறியோர் மிதிப்பர். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை ஊற்றுவார். தோட்டத்துள் இன்னொருவர் மண்வெட்டியுடன் நின்று வாய்க்காலைத் திறந்தும் அடைத்தும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். பட்டை பிடிப்பவரும் தண்ணீர் மாறுபவரும் ஒருவருக்கொருவர் ஏவலாளர் அல்லர். ஒவ்வொரு பட்டை நீருக்கும் தண்ணீர் மாறுபவர் முதற் பாத்தியிலிருந்து தொடங்குவதில்லை; எந்தப் பாத்தி நிரம்பிற்று, அடுத்து எது என்பது அவர் நினைவில் உண்டு. உவமை முற்றும் பொருந்தாது என்பதும் உண்மையே. தோட்டத்தில் யாவரும் ஒரே நேரத்தில் உழைப்பர். இணைநிரல்களுள் ஒரு கணத்தில் ஒன்றே இயங்கும், மற்றையவை நிற்கும். ஆயினும் வேலையின் உரிமையும் நினைவும் இருபுறமும் இருத்தல் என்ற இயல்பை இது விளக்கும்.

இக்கருத்துக்குப் பெயரிட்டவர் அமெரிக்கரான மெல்வின் கொன்வே. ஏறத்தாழ அதே காலத்தில் ஜோயல் எர்ட்வின், மேர்னர் ஆகிய இருவரும் தனித்து இதே முடிவுக்கு வந்து 'இருபக்க இணைப்பு' எனப் பொருள்படும் தலைப்பில் எழுதினர் என்றும், அது அச்சேறவில்லை என்றும் டொனால்ட் கனூத் பதிவு செய்துள்ளார். கொன்வேயின் கட்டுரை 1963இல் வெளியாயிற்று. அதன் பொருள் கோபோல் மொழிக்கான ஒரு தொகுப்பான், அதாவது மனிதர் எழுதிய செய்நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் செய்நிரல், எவ்வாறு அமைக்கப்படலாம் என்பது. அக்காலப் பொறிகளின் நினைவகம் மிகச் சிறியது. தொகுப்பானைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியின் வெளியீட்டை நாடாவில் எழுதி, அடுத்த பகுதி அதனைப் படிக்குமாறு செய்வது வழக்கம். கொன்வே கண்டது யாதெனில், பகுதிகள் ஒன்றுக்கொன்று எழுத்துகளை ஒரே திசையில் வழங்குவன மட்டுமாயின், அவற்றை நாடாவின் துணையுடன் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஓட்டலாம், ஒரே ஓட்டத்தில் மாறி மாறியும் ஓட்டலாம், பகுதிகளுக்குள்ளே ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை என்பதாகும். தன் அயலான் எப்பொழுது இயங்குகின்றான் என்பதை ஒரு பகுதி அறிந்திருக்க வேண்டியதில்லை.

இதே கொன்வேதான் 1968இல், ஒரு முறைமையை வடிவமைக்கும் நிறுவனம் தன் உள் தொடர்பாடல் அமைப்பையே அம்முறைமையிலும் படியெடுக்கும் என்று வாதிட்டவர். சமூகவியல் மாணவர்க்கு அவர் பெயர் அவ்வழியே பழக்கமாயிருக்கலாம். பகுதிகளுக்கிடையே உறவு எத்தகையது என்ற ஒரே வினாவைப் பத்தாண்டு இடைவெளியில் பொறியிடமும் மனிதரிடமும் அவர் எழுப்பினார் எனலாம்.

கொன்வே எடுத்தாண்ட சிறு உதாரணம் பின்னர் ஹோரின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரையில் 'கொன்வேயின் சிக்கல்' என்ற பெயரில் இடம்பெற்றது. 80 எழுத்துகள் கொண்ட அட்டைகளைப் படித்து, 125 எழுத்துகள் கொண்ட வரிகளாக அச்சிட வேண்டும். இடையில் இரு நட்சத்திரக் குறிகள் அடுத்தடுத்து வரின் அவற்றை ஒரு மேலம்புக் குறியாக மாற்ற வேண்டும். கேட்பதற்கு எளிது. குறிகளைச் சுருக்கும் பகுதியை மட்டும் நோக்குவோம். ஒரு நட்சத்திரத்தைக் கண்டதும் அது அடுத்த எழுத்தையும் வாங்கிப் பார்க்க வேண்டும். அடுத்ததும் நட்சத்திரமாயின் ஒரு மேலம்பை வழங்கினாற் போதும். அன்றெனின் நட்சத்திரம், அந்த எழுத்து என இரண்டை வழங்க வேண்டும். தனித்து இயங்கும் பகுதியாயின் 'இதைக் கொடு, பின் அதைக் கொடு' என்று இரு ஆணைகளை அடுத்தடுத்து எழுதிவிடலாம். அதுவே அச்சிடும் பகுதிக்குத் துணைநிரலாக மாறினாலோ, ஓர் அழைப்புக்கு ஓர் எழுத்தையே கொடுக்க முடியும். மற்றதை எங்கேனும் ஒளித்துவைத்து, 'என்னிடம் ஓர் எழுத்து மிச்சம் உண்டு' என்று கொடியொன்றை நாட்டி, அடுத்த முறை அழைக்கப்படும்பொழுது முதல் வேலையாக அக்கொடியைப் பார்க்க வேண்டும். எளிய இரு ஆணைகள் இவ்வாறு சிதைந்து, நிலைமைகளின் பட்டியலாகின்றன. உண்மையான சிக்கல்களில் ஒரு கொடி பத்தாகும். பின் வருபவர் அதைப் படித்து முதலாசிரியரின் எண்ணத்தை மீட்க இயலாது போகும்.

இங்கே நாம் காண்பது தொழினுட்ப நுணுக்கம் மட்டுமன்று. இரு பகுதிகளுள் எது ஆண்டான், எது ஏவலாள் என்று தீர்க்குமாறு மொழி நம்மை வற்புறுத்துகிறது. ஏவலாளாகத் தெரியப்பட்ட பகுதியின் சிந்தனையொழுங்கு குலைகிறது. சிக்கலின் இயல்பில் அத்தகைய ஏற்றத்தாழ்வு இல்லை. அது மொழியால் விதிக்கப்பட்டது.

கனூத் தம் பெருநூலின் முதற் தொகுதியில் (1968) இணைநிரலுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார். துணைநிரல் என்பது இணைநிரலின் ஒரு சிறப்பு வகையே என்பது அவர் கருத்து. அதன் பயனைக் காட்டும் சிறிய உதாரணம் கிடைப்பது கடினம் என்றும் அவர் ஒத்துக்கொண்டார். நோக்கற்பாலது யாதெனில், அவர் தம் உதாரணங்களைப் பொறிமொழிக்கு நிகரான மொழியில் எழுதினார் என்பதே. அம்மொழியில் இணைநிரலுக்கு வேண்டுவன விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆணைகளே: நின்ற இடத்தின் முகவரியைக் குறித்துவை, மற்றவர் நின்ற இடத்துக்குத் தாவு. பொறியின் கண்ணில் ஆண்டானும் இல்லை, ஏவலாளும் இல்லை. முகவரிகளும் தாவல்களுமே உள்ளன. மனிதருக்கு அணுக்கமான மொழிகள் தோன்றியபொழுதே இவ்வெளிமை இழக்கப்பட்டது.

இழப்பின் காரணம் அடுக்கு என்னும் அமைப்பு. அல்கோல் மரபில் வந்த மொழிகளில் ஒரு துணைநிரல் அழைக்கப்படும்பொழுது, அதன் மாறிகளும் திரும்ப வேண்டிய முகவரியும் நினைவகத்தில் ஓர் அடுக்கின் மேல் வைக்கப்படுகின்றன. அது முடிந்ததும் மேலிருந்தபடியே அகற்றப்படுகின்றன. இறுதியில் வந்தது முதலிற் போகும். துணைநிரலுக்கு இதனினும் சிக்கனமான ஏற்பாடு இல்லை. ஆனால் நடுவே நின்று பின்னர் மீள விரும்பும் ஒன்றுக்கு அங்கே இடமில்லை. அது விலகியதும் அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்பட்டுவிடும். எனவே இணைநிரல் வேண்டுமாயின் ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு அமைத்துக் கொடுத்தல் வேண்டும். அல்லது அடுக்கையே நம்பாதிருத்தல் வேண்டும். பின்னைய வரலாறு முழுவதும் இவ்விரு வழிகளின் வரலாறே.

மொழியின் உள்ளேயே இதற்கு இடமளித்தோரும் இருந்தனர். நோர்வேயில் ஒலே-ஜொஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகியோர் உருவாக்கிய சிமுலா 67 மொழி, தொழிற்சாலை வரிசைகளையும் போக்குவரத்தையும் கணனியில் நிகழ்த்திக் காட்டும் நோக்குடையது. அத்தகைய நிகழ்வுகளில் பலரும் தத்தம் வேலையின் நடுவே காத்திருப்பர் ஆதலின், இணைநிரல் அம்மொழிக்கு இன்றியமையாததாயிற்று. பின்னர் வந்த மொடியுலா-2 மொழியிலும் நிக்லவுஸ் விர்த் அதற்கு இடமளித்தார்.

சி மொழி வேறொரு சூழலிற் பிறந்தது. 1970களின் தொடக்கத்திற் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி அதனை உருவாக்கினார். யுனிக்ஸ் பணிசெயல் முறைமை 1973இல் அம்மொழியில் மீள எழுதப்பட்டது. அதே ஆண்டில் யுனிக்சில் 'குழாய்' என்னும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. செய்நிரல்களைத் தோட்டக் குழாய்களைப் போல ஒன்றோடொன்று பொருத்த வேண்டும் என்று டக்ளஸ் மக்கில்றோய் 1964இலேயே எழுதியிருந்தார். கென் தொம்சன் அதனைச் செயற்படுத்தினார். ஒரு செய்நிரலின் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகப் பாயும். இரண்டும் தத்தம் அடுக்குடன் தனித்தனியே இயங்கும். எதுவும் எதற்கும் ஏவலாள் அன்று. கொன்வேயின் எண்ணம் இங்கே பணிசெயல் முறைமையின் மட்டத்தில் நிறைவேறிற்று. மொழிக்கு வெளியே அது கிடைத்தமையாலேயே மொழிக்குள் அதன் தேவை கூர்மையாக உணரப்படவில்லை என்பது எம் கருத்து. பாத்தி நிரம்பிய பின் வாய்க்கால் வெட்டுவோர் யாவர்?

ஆயினும் யுனிக்சின் கருவுக்குள்ளேயே ஒரு சம்பவம் நிகழ்ந்தது. பெயர்தகைமையின் வரலாற்றில் அது மனங்கொள்ளத்தக்கது. பல வேலைகளை மாறி மாறி ஓட்டும் பணிசெயல் முறைமை, ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். 1975ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் இதனைச் செய்யும் பகுதியின் அருகே, இதைப் படிப்பவர் விளங்கிக்கொள்வர் என்று எதிர்பார்க்கப்படவில்லை என்னும் பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. அவுஸ்திரேலியாவில் ஜோன் லயன்ஸ் தம் மாணவர்க்காக அச்செய்நிரல் முழுவதற்கும் உரை வகுத்தமையால் அக்குறிப்பு உலகெங்கும் பரவிற்று. பலர் அதனைச் செருக்கு என்று கொண்டனர். பிற்காலத்தில் றிச்சி அளித்த விளக்கம் வேறு: உண்மையில் தமக்கே அது சரிவர விளங்கியிருக்கவில்லை என்றார். நிலைமையைச் சேமித்த சார்பு ஒன்று, மீண்டு திரும்பும் சார்பு வேறொன்று. பீடிபி-11 பொறியின் தொகுப்பான் எல்லாச் சார்புகளுக்கும் பதிவகங்களை ஒரே விதமாகச் சேமித்து வந்தமையால் தவறு வெளிப்படவில்லை. 1977இல் ஸ்டீவ் ஜோன்சனும் றிச்சியும் யுனிக்சை இன்டர்டேற்றா 8/32 என்னும் வேறுபட்ட பொறிக்குப் பெயர்க்க முற்பட்டபொழுது, அங்கே ஒவ்வொரு சார்பும் தான் சேமித்த பதிவகங்களுக்கேற்ப வெவ்வேறு விதமாகத் திரும்பியமையால் ஏற்பாடு முறிந்தது. அப்பகுதி புதிதாக வகுக்கப்பட்டது. ஒரே பொறியில் வாழ்ந்த காலமெல்லாம் தற்செயல் என்பது விதியாகத் தோன்றிற்று. இரண்டாவது பொறி வந்த பின்னரே எது விதி, எது தற்செயல் என்பது புலனாயிற்று. ஏட்டுப் பிரதியொன்றை மட்டும் வைத்துப் பதிப்பிப்போனுக்கும், இரண்டாவது ஏடு கிடைக்கப்பெற்றோனுக்கும் இடையிலான வேறுபாடு இதுவே.

1980இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் கென் மூடி, மார்ட்டின் றிச்சர்ட்ஸ் ஆகியோர் பிசிபிஎல் மொழிக்கு இணைநிரல் ஏற்பாடொன்றை வகுத்து வெளியிட்டனர். பிசிபிஎல் சி மொழியின் பாட்டன் முறையானது. பாட்டனுக்குக் கிடைத்தது பேரனுக்குக் கிடைக்கவில்லை. 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தராதரத்தில் சி மொழி வரையறுக்கப்பட்டபொழுது, செற்ஜம்ப், லோங்ஜம்ப் என்னும் இரு சார்புகள் மட்டும் இடம்பெற்றன. முன்னது நிற்கும் இடத்தைக் குறித்துவைக்கும். பின்னது அங்கே தாவும். பார்த்த மாத்திரத்தில் இவை இணைநிரலுக்குப் போதுமெனத் தோன்றும். ஆனால் இடத்தைக் குறித்த சார்பு முடிந்துவிட்ட பின் அங்கே தாவினால் என்ன நிகழும் என்பதைத் தராதரம் வரையறுக்கவில்லை. மேலே ஏறியவர் கீழே குதிக்கலாம். கலைக்கப்பட்ட அடுக்குக்கு மீண்டும் ஏற முடியாது.

தனி அடுக்கு அமைக்கும் வழியை நாடியோர் பொறிமொழியில் சில வரிகளை எழுதி வேலையை முடித்தனர். அவ்வரிகள் சிலவே எனினும் ஒவ்வொரு வகைப் பொறிக்கும் புதிதாக எழுதப்பட வேண்டியவை. சிஸ்டம் ஐந்து யுனிக்ஸ் மரபில், புதிய அடுக்கொன்றைக் கொடுத்து அதன்மேல் ஒரு சார்பை இயக்கும் நூலகச் சார்புகள் வழங்கின. போசிக்ஸ் தராதரத்தின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் இவை இடம்பெற்று, 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டன. பெயர்தகைமைக் குறைவே காரணம்: புதிய சார்புக்கு முழு எண்களை மட்டுமே அனுப்பலாம் என்றிருந்தது, முகவரிச் சுட்டி முழு எண்ணினும் அகலமான பொறிகளில் அது பொருந்தவில்லை. பெயர்தகைமைக்கென எழுந்த தராதரமே பெயர்தகைமை இன்மையால் தன் உறுப்பொன்றை வெட்டிக்கொண்டது.

இதற்கிடையில் ஜேர்மனியரான றால்ஃப் எங்கல்ஷால் 2000ஆம் ஆண்டில் வியத்தகு உபாயமொன்றை விளக்கினார். யுனிக்சில் ஒரு செய்நிரலுக்கு அவசரச் சமிக்ஞை வரும்பொழுது அதனை ஏற்கும் சார்பை வேறோர் அடுக்கில் இயக்குமாறு கேட்கலாம். ஆகவே தனக்குத் தானே ஒரு சமிக்ஞையை அனுப்பு. ஏற்கும் சார்பு புதிய அடுக்கில் எழும். அங்கே செற்ஜம்பால் இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பு. பின்னர் வேண்டியபொழுது அங்கே தாவு. பொறிமொழியில் ஒரு வரியும் இல்லை. பணிசெயல் முறைமைக்குத் தெரிந்ததை, அது தெரியாதவாறு அதனிடமே வாங்கிக்கொள்ளும் தந்திரம் இது. ஆயினும் அவசரச் சமிக்ஞை ஏற்பாடே இல்லாத பொறிகளில் இதற்கும் இடமில்லை.

மற்றைய வழி அடுக்கை நம்பாத வழி. அதன் தோற்றம் இணைநிரலோடு தொடர்பற்ற ஓரிடத்தில் உள்ளது. 1983 நவம்பரில், லூக்காஸ்பிலிம் நிறுவனத்திற் பணிபுரிந்த ரொம் டஃப், படக்கருவியொன்றுக்குத் தரவுகளை விரைந்து அனுப்ப முயன்றார். சுற்றொன்றில் ஒரு தடவைக்கு ஒன்றாக அனுப்புவதற்குப் பதில் எட்டு எட்டாக அனுப்பினால் சுற்றின் செலவு குறையும். ஆனால் எட்டால் வகுபடாது எஞ்சுவனவற்றை என் செய்வது? சி மொழியில் சுவிட்ச் என்னும் கட்டளை, ஓர் எண்ணின் பெறுமானத்துக்கேற்பக் கேஸ் என்று பெயரிடப்பட்ட இடங்களுள் ஒன்றுக்குத் தாவும். அக்கேஸ் அடையாளங்கள் சுவிட்சுக்கு உள்ளே எங்கும் இருக்கலாம், வேறொரு சுற்றின் வயிற்றுக்குள்ளும் இருக்கலாம் என்பதைப் பலர் கவனித்திலர். டஃப் அவற்றைச் சுற்றின் நடுவே இட்டு, எஞ்சிய எண்ணிக்கைக்கேற்பச் சுற்றின் நடுவிலேயே நேராகக் குதித்தார். தாம் கண்டதைப் பற்றித் தமக்குப் பெருமையும் அருவருப்பும் ஒருங்கே தோன்றுவதாக அவர் எழுதினார். சுவிட்சைக் கொண்டு நிலைமைப் பொறிகளை அமைக்கும் இன்னொரு முறையும் தமக்குத் தெரியும், அது விளக்கத் தகாத அளவு கொடியது என்றும் அம்மடலிற் குறிப்பிட்டார். அவர் விளக்காது விட்ட அதுவே நாம் தேடுவது.

அதனை விளக்கியவர் ஆங்கிலேயரான சைமன் டேத்தம். 2000ஆம் ஆண்டில் அவர் எழுதிய சிறு கட்டுரை இவ்வரலாற்றின் நடுநாயகம் எனலாம். அவர் கூறும் முறை எளியது. சார்பின் தொடக்கத்தில் ஒரு சுவிட்ச். அது ஒரு நிலையான மாறியைப் பார்க்கும். முதன்முறை அதன் பெறுமானம் பூச்சியம்; எனவே தொடக்கத்திலிருந்து இயங்கும். நடுவே விடையொன்றைக் கொடுத்து நிற்க வேண்டிய இடத்தில் மூன்று செயல்கள்: அம்மாறியில் ஓர் எண்ணைக் குறி, ரிட்டேர்ன் செய், அதற்கு அடுத்தே அதே எண்ணுடன் ஒரு கேஸ் அடையாளம் இடு. மறுமுறை அழைக்கப்படும்பொழுது சுவிட்ச் அந்த அடையாளத்துக்கே தாவும். அது சுற்றுக்குள் சுற்றாக எத்துணை ஆழத்தில் இருப்பினும் சரியே. ஒவ்வொரு நிற்குமிடத்துக்கும் வெவ்வேறு எண் வேண்டும். அதனை மனிதர் கையால் இட்டால் பிழை வரும். சி மொழியின் முன்செயலி ஒவ்வொரு வரியின் எண்ணையும் அறியும் ஆதலின், வரியெண்ணையே அடையாள எண்ணாகக் கொண்டார் டேத்தம். இம்மூன்று செயல்களையும் ஒரே மக்றோச் சொல்லில் மறைத்தார். அதன் பின் எழுதுவோன் காண்பது, கனூத்தின் எண்ணத்தில் இருந்தது போன்ற தெளிந்த இணைநிரலையே.

இங்கே சிறிது நின்று நோக்குதல் தகும். பொறிமொழியில் 'விட்ட இடம்' என்பது ஒரு முகவரி. அம்முகவரி பொறிக்குப் பொறி வேறுபடும். அதனை மொழிக்குள் கைப்பற்றவும் வழியில்லை. டேத்தத்தின் முறையில் விட்ட இடம் என்பது எழுதப்பட்ட பனுவலின் வரியெண். பனுவல் எல்லாப் பொறிகளுக்கும் பொதுவானது. முப்பதாம் வரி எங்கும் முப்பதாம் வரியே. பொறிகளின் அகத்தைப் பற்றி அறிவதை முற்றாகக் கைவிட்டு, மனிதர் படிக்கும் எழுத்தையே சான்றாகக் கொண்டமையாலேயே பெயர்தகைமை கைகூடிற்று.

விலையும் உண்டு. இடம் நினைவில் இருக்கும்; மாறிகள் இரா. சார்பு ஒவ்வொரு முறையும் உண்மையாகவே முடிந்து மீள அழைக்கப்படுவதால், அதன் உள் மாறிகள் அடுக்கோடு அழிகின்றன. அவற்றை நிலையான மாறிகளாக்கினால் ஒரே இணைநிரலின் இரு பிரதிகளை ஒருங்கே இயக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரு கட்டமைப்பில் இட்டு அதன் சுட்டியை ஒவ்வோர் அழைப்பிலும் கொடுக்க வேண்டியுள்ளது. நிற்குமிடங்கள் இரண்டு ஒரே வரியில் வரலாகாது. உள்ளே இன்னொரு சுவிட்சைப் பயன்படுத்தி அதனுள் நிற்கவும் இயலாது. மேலும் இணைநிரல் அழைத்த வேறொரு சார்பின் ஆழத்திலிருந்து நிற்க முடியாது. தன் உடலுக்குள் மட்டுமே நிற்கலாம்.

இம்முறை நிறுவனங்களின் எழுத்து விதிகளை எல்லாம் மீறுவதாகக் குறை கூறப்படும் என்பதை டேத்தம் முன்னரே உணர்ந்திருந்தார். அடைப்புக்குறிகள் மக்றோக்களுக்குள் மறைகின்றன. கேஸ்கள் சுற்றுக்குள் கிடக்கின்றன. அவரது மறுமொழியின் சாரம் இது: விதிகள் தெளிவுக்காகவே வகுக்கப்பட்டன, இங்கே இலக்கண வடிவம் மறைகிறது, ஆனால் சிந்தனையின் வடிவம் வெளிப்படுகிறது, இலக்கணத்தைக் காக்கவெனச் சிந்தனையைச் சிதைக்க வற்புறுத்தும் விதியே பிழையுடையது. யாப்பும் பொருளும் பற்றி நம் இலக்கியத் திறனாய்வில் நிகழ்ந்த வாதங்களை அறிந்தோர்க்கு இது புதிதன்று. எம்மைப் பொறுத்தவரை டேத்தத்தின் வாதம் முக்காற் பங்கு உண்மை. மக்றோவை எழுதியவன் அருகில் இருக்கும்வரை வெளிப்படும் சிந்தனை, அவன் அகன்றபின், தந்திரத்தை அறியாத ஒருவன் அதே வரியில் இன்னொரு சுவிட்சை நுழைக்கும்பொழுது குலையும். அவன் செய்யும் தவறுகளுட் சிலவற்றைத் தொகுப்பான் எச்சரிக்காது. இலக்கணப்படி எல்லாம் சரியே.

பயனோ ஐயத்துக்கிடமற்றது. சுவீடனில் அடம் டங்கல்ஸ் 2005ஆம் ஆண்டளவில் இதே முறையைப் 'புறோட்டோதிரெட்' என்னும் பெயரில், வெப்பம், ஈரம் முதலியன அளந்து வானொலியால் அறிவிக்கும் சிறு உணரிகளுக்குப் பயன்படுத்தினார். ரீமோற் ஸ்கை போன்ற அத்தகைய கருவியின் நினைவகம் 10 கிலோபைற்று மட்டுமே. ஒவ்வொரு வேலைக்கும் தனி அடுக்கு என்றால் சில வேலைகளோடு அது தீர்ந்துவிடும். விட்ட இடத்தின் எண்ணை மட்டும் வைத்திருக்கும் இம்முறையில் ஒரு வேலைக்கு வேண்டியது 2 பைற்றுகள். 1950களின் பொறிகளுக்கு இருந்த வறுமை ஐம்பது ஆண்டின் பின் உள்ளங்கையளவுக் கருவியில் மீண்டும் தோன்ற, அவ்வறுமையிற் பிறந்த கருத்தும் மீண்டும் தேவைப்பட்டது.

பிறேசிலில் உருவான லுவா மொழி 2003இன் ஐந்தாம் பதிப்பில் இணைநிரலை முழு உரிமையுடன் ஏற்றது. அதன் இயக்கி தூய சி மொழியில் எழுதப்பட்டது. லுவாவின் அடுக்கைச் சியின் அடுக்கிலிருந்து பிரித்துத் தானே பேணியமையால் எவ்வித தந்திரமுமின்றி அது இயன்றது. அம்மொழியை வகுத்தோருள் ஒருவரான றொபேர்ட்டோ இயறுசலிம்ஸ்கியும், அவரோடு அனா லூசியா டி மூராவும், இணைநிரல் ஏன் இத்தனை காலம் மறக்கப்பட்டது என்பதைத் தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்தனர். இணைநிரல் என்பதற்கு ஒத்த வரையறை இன்மை அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று. சி++ மொழி தன் 2020ஆம் ஆண்டுத் தராதரத்தில் அடுக்கற்ற வகை இணைநிரலை ஏற்றது. டேத்தத்தின் எழுத்தாளன் கையாற் செய்ததை அங்கே தொகுப்பானே செய்கிறது, மாறிகளையும் அதுவே காக்கிறது. சி மொழியின் அண்மைத் தராதரம் 2024இல் வெளியாயிற்று. அதில் இணைநிரல் இல்லை.

டேத்தம் 2023இல் இப்பொருளுக்கு மீண்டு, இணைநிரலை எங்கெங்கு, எதற்காகப் பயன்படுத்தலாம் என்று நீண்ட கட்டுரையொன்று எழுதினார். தொலைவிலுள்ள கணனிகளோடு பாதுகாப்பாக உரையாட உதவும் அவரது புட்டி என்னும் செய்நிரலை நம் பல்கலைக்கழகக் கணனிக்கூடங்களில் திறந்து பார்த்தோர் பலராவர். மறுமுனையிலிருந்து வரும் மடல்களுக்காகக் காத்திருந்து, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் அதன் பகுதிகளின் மூலநிரலில், தொடக்கத்தில் ஒரு சுவிட்சும் நடுவே வரியெண் இட்ட கேஸ்களுமாக அந்த மக்றோக்கள் இருக்கின்றன.